மறைக்கப்பட்ட பாதி

வாசுதேவநல்லூர் ஆலயத்தில், பாதி இறைவனும் பாதி இறைவியுமாய் எழுந்தருளியிருக்கும் அர்த்தநாரீசுவரரின் சந்நிதியில் நிற்குந்தோறும், ஒரு பாதியை மறைத்து மறுபாதியையே முழுமையென்று காட்டுவது எத்தகைய பாபம் என்னும் விசாரம் என் உள்ளத்தில் எழுகிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1991-இல், 19 வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன், பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததை எழுதிக்கொண்டு, அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவ்விளைஞர் கூறியதை எழுதாது விட்டதாக, ஓய்வுபெற்றபின் 2013-இல் தாமே வெளிப்படுத்தினார். 1998-இல் விதிக்கப்பட்ட மரணதண்டனையை 1999-இலேயே உச்சநீதிமன்றம் உறுதி செய்திருந்தது.

பொய்யுரைப்பது மட்டுமா அசத்தியம்? ஓர் உயிர் தொங்கும் வாக்கியத்தை விட்டுவிடும் எழுதுகோலின் ஹிம்சை, வாளின் ஹிம்சைக்கு அணுவளவும் குறைந்ததன்று என்றே கருதுகிறேன். காலங்கடந்தேனும் பேசிய மனச்சாட்சியை நான் இகழேன்; ஆயினும், ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், பிழையுணர்ந்த கணமே அரியணையில் உயிர்நீத்ததாக அல்லவா இளங்கோவடிகள் பாடினார்!

2014-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் விடுவித்தபோது பேரறிவாளனுக்கு வயது 50.