பழியும் பொறுப்பும்

உடல் எடையைப் பற்றிப் பேசும்போது தமிழில் இரண்டு வாக்கியங்கள் புழங்குகின்றன. "வெயிட் போட்டுட்டீங்களே" என்பது ஒன்று. "வெயிட் ஏறிடுச்சுங்க" என்பது இன்னொன்று. முதலாவதைப் பிறர் நம்மைப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டாவதை நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வோம். முதல் வாக்கியத்தில் ஒரு கர்த்தா இருக்கிறார், சட்டையைப் போல எடையையும் எடுத்துப் போட்டுக்கொண்டவர். இரண்டாவதில் அப்படி யாரும் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுவதைப்போல, விலைவாசி ஏறுவதைப்போல, அது தானாக ஏறியிருக்கிறது. நடந்தது ஒன்றுதான். அதற்கு எது சரியான வாக்கியம் என்று கேட்கத் தொடங்கினால் இலக்கணத்தை விட்டு அறத்துக்குள் வந்துவிடுகிறோம். எடை குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டு, குறைந்த எடையில் ஒரு பகுதி திரும்ப வந்துவிட்டவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

நானும் அவர்களில் ஒருவன். 2016இல் 131 கிலோ எடையோடும் சர்க்கரை நோயோடும் 'ஸ்லீவ்' என்று சொல்லப்படும் அறுவைசிகிச்சையைச் செய்துகொண்டேன். 15 மாதத்தில் 84 கிலோவுக்கு வந்தேன். 2023இல் 103. இதை எழுதும்போது 97. இந்த எண்களைவிட, அவற்றுக்கு மற்றவர்கள் தந்த விளக்கங்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. குறைந்தபோது, "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா யார் வேணும்னாலும் குறைக்கலாம், இதுல உங்க சாமர்த்தியம் என்ன இருக்கு?" என்றார்கள். கூடியபோது, "அவ்ளோ செலவு பண்ணியும் வாயைக் கட்ட முடியலையே" என்றார்கள். இறங்கியது மருத்துவர் கணக்கில் வரவு, ஏறியது என் கணக்கில் பற்று. எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒரே பேரேட்டில் இப்படி எழுதமாட்டார்.

இந்த அறுவைசிகிச்சை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். "வயித்தைச் சின்னதாக்கிடுறாங்க, அதனால சாப்பிட முடியாது" என்பதுதான் பொதுவான புரிதல். அது பாதி உண்மை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கோ அதற்கும் மேலோ வெட்டி எடுக்கப்படுகிறது. அப்படி எடுக்கப்படும் மேற்பகுதியில்தான் க்ரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. கூடவே, உண்ட பிறகு "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆகவே வயிற்றின் கொள்ளளவோடு சேர்த்துப் பசியின் குரலும் மாறிவிடுகிறது.

முதல் ஆண்டு எனக்குப் பசியே இல்லை. இரண்டு இட்லி மலையாகத் தெரிந்தது. மதியம் மூன்று மணிக்குத்தான், இன்னும் சாப்பிடவில்லையே என்ற நினைவு வரும். "என்னா கண்ட்ரோல் சார் உங்களுக்கு!" என்று அலுவலகத்தில் வியந்தார்கள். அங்கே கண்ட்ரோல் என்று எதுவுமே இல்லை. தாகம் இல்லாதவன் தண்ணீர் குடிக்காமலிருப்பது விரதமாகாது. மூன்றாம் ஆண்டில் பசி மெல்லத் திரும்பியது. அளந்து சாப்பிடவும், நடக்கவும், கல்யாணப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழவும் அதற்குப் பிறகுதான் பழகினேன். எடை ஏறியதும் அந்த ஆண்டுகளில்தான். ஒழுக்கம் தேவைப்படாத காலத்தில் ஒழுக்கசாலி என்ற பெயர் கிடைத்தது. அதை உண்மையிலேயே பழகிய காலத்தில் "வாயைக் கட்டாதவன்" என்ற பெயர் வந்தது.

இது என் ஒருவன் கதை அல்ல. உடல்பருமன் அறுவைசிகிச்சையை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் முக்கியமானது 1987இல் ஸ்வீடனில் தொடங்கியது. அறுவைசிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் ஒப்பிட்டார்கள். 2007இல் வெளியான முடிவுகளின்படி, பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். 10 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் அதில் இருந்த மற்ற இரண்டு முறைகளிலும் இதே வளைவுதான்: இறக்கம், பிறகு கொஞ்சம் ஏற்றம். அந்த ஏற்றத்தோடும்கூட, அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது? 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் மனசாட்சியின் பேரில் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், பட்டினிக்குத் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். உணவு மறுபடி கிடைத்தபோது, வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசிப்பதாகச் சொன்னார்கள். பழைய அளவையும் தாண்டிக் கொழுப்பு சேர்ந்தது. 2016இல், அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து எழுதினார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அவர்களுடைய உடல் ஓய்விலிருக்கும்போது எரிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எடை இழப்பை உடல் பஞ்சம் என்றே படித்துக்கொள்கிறது. அறுவைசிகிச்சை இந்த எதிர்ப்பைப் பெருமளவு தணிக்கிறது, முற்றிலும் அணைப்பதில்லை.

அப்படியானால் "ஏறிடுச்சு" என்பதே சரியான வாக்கியம் என்று முடித்துவிடலாமா?

நல்லது எது என்று தெரிந்தும் அதைச் செய்யாமலிருப்பதைக் கிரேக்கர்கள் 'அக்ரேசியா' என்றார்கள். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் வாதிடுகிறார். நல்லதை உண்மையாக அறிந்தவன் வேறொன்றைச் செய்யமாட்டான், செய்தால் அவன் சரியாக அறியவில்லை என்று பொருள். டயட்டீஷியன் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு அட்டவணையைக் கையில் கொடுக்கும்போது எனக்குச் சாக்ரடீஸ் ஞாபகம் வரும். ஐயா, இட்லியில் எவ்வளவு மாவுச்சத்து என்று எனக்கு மனப்பாடம். அறிவுக் குறைவு இங்கே பிரச்சினையே இல்லை.

அரிஸ்டாட்டில் இன்னும் நிதானமானவர். 'நிகோமாகிய அறவியல்' ஏழாம் புத்தகத்தில், பெரும்பாலோரால் தாங்க முடிகிற ஆசைக்கு ஒருவன் தோற்றால்தான் அது வியப்புக்குரியது என்கிறார். மிகக் கடுமையான இன்பத்துக்கோ வலிக்கோ தோற்பவனை மன்னிக்கலாம் என்கிறார். பரம்பரையும் நோயும் காரணமாக இருந்தால் அது வேறு கணக்கு என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவர் வைக்கும் அளவுகோல் நியாயமானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே நிற்பது என்பதுதான் சிக்கல். ஒரே பந்தியில் உட்கார்ந்த இருவர் ஆளுக்கொரு ஜாங்கிரியைப் பார்க்கும்போது, அவர்களுக்குள் இழுக்கும் விசை எவ்வளவு என்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது, யார் இலையில் ஜாங்கிரி மிச்சம் இருக்கிறது என்பது மட்டும்.

ஆகவே பழி சொல்லும் அளவுக்கு யாருக்கும் தகவல் போதாது. நியாயம் ஒருபுறமிருக்க, பழி என்ன விளைவை உண்டாக்குகிறது என்றும் பார்க்கவேண்டும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒருவரைச் சந்தித்தேன். மளிகைக்கடைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான்கு ஆண்டுகளாகப் பரிசோதனைக்கு வரவில்லை, சத்து மாத்திரையையும் விட்டுவிட்டார். கால் மரத்துப்போய், பி12 சத்து அடிமட்டத்துக்குப் போன பிறகு வந்திருந்தார்.

"ஏண்ணே இத்தனை நாளு வரலே?" என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது தம்பி? முன்னாடி பின்னாடின்னு எம் போட்டோவ எடுத்து அந்தச் செவுத்துல மாட்டி வெச்சிருந்தாங்க. அதுக்குக் கீழ வந்து நான் எப்பிடி உக்காருவேன்?"

எடை கூடியது அவருக்கு நோயின் ஒரு கட்டமாகத் தெரியவில்லை, கொடுத்த வாக்கைத் தவறியதாகத் தெரிந்திருக்கிறது. வெட்கம் அவரை இட்லியிடமிருந்து தடுக்கவில்லை. மருத்துவரிடமிருந்து தடுத்தது.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. இப்போதைய மருத்துவர்களில் பலர் அன்பாகச் சொல்கிறார்கள்: "இது உங்க தப்பு இல்லைங்க, ஹார்மோன்." முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது வேறொரு வெறுமை வந்தது. எல்லாம் ஹார்மோன் என்றால், இங்கே நான் யார்? தப்பு என்னுடையது இல்லை என்று சொன்ன அதே வாக்கியம், செய்வதற்கும் எனக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகிறதே.

இங்கிலாந்தில் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கான சிகிச்சைக் குழுவில் பணியாற்றிய தத்துவவாதி ஹன்னா பிக்கார்ட், 'பழி இல்லாத பொறுப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். ஒருவரைத் தன் செயலுக்குப் பொறுப்பானவராக நடத்துவதும் அவரைப் பழிப்பதும் இருவேறு காரியங்கள். முதலாவது இல்லாமல் சிகிச்சை நடக்காது, இரண்டாவது இருந்தால் சிகிச்சை நிலைக்காது. அவர் பேசியது வேறு நோயைப் பற்றி. எனக்கு அது எடையைப் பற்றியதாகவே கேட்டது.

தமிழில் இதற்கான வழி வேர்ச்சொல்லிலேயே இருக்கிறது. 'பொறு' என்றால் சுமப்பது, தாங்குவது. அதிலிருந்துதான் பொறுப்பு வருகிறது. பொறுமையும், மன்னிப்பைக் குறிக்கும் பொறுத்தலும் அதிலிருந்தே வருகின்றன. சுமையைத் தூக்குவதற்கும் மன்னிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், தன்னைப் பொறுத்துக்கொள்ளாமல் எப்படிப் பொறுப்பை ஏற்பது? பழி பின்னால் திரும்பிப் பார்த்து யார் செய்தது என்று கேட்கிறது. பொறுப்பு, இனி இதை யார் தூக்குவது என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு. உடம்பு என்னுடையது, நான்தான் தூக்கவேண்டும்.

"மறுபடி பழைய தடத்துக்கு வந்துடணும்" என்று நாங்கள் சொல்லிக்கொள்வதை இந்த இடத்திலிருந்துதான் யோசிக்கவேண்டும். இதற்காக நீராகாரத்தில் தொடங்கி ஐந்து நாளில் வயிற்றை 'ரீசெட்' செய்யும் ஒரு முறை எங்களிடையே பிரபலம். ஐந்து நாளில் இரைப்பை சுருங்குவதில்லை. ஆனாலும் மக்கள் அதைச் செய்கிறார்கள், ஏனென்றால் அது பரிகாரம். குற்றம் இருந்தால்தானே பரிகாரம் வேண்டும்? குற்றம் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த ஐந்து நாளுக்கு வேலை இல்லை. மிஞ்சுவது சுவாரசியமில்லாத சில காரியங்கள். முதலில் புரதம், பிறகு மற்றவை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமலிருப்பது. நடை, கொஞ்சம் பளு, தூக்கம். ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி. சிலருக்கு இரண்டாவது அறுவைசிகிச்சை. சிலருக்கு மருந்து.

மருந்து என்றதும் இன்னொரு வெட்கம் வருகிறது. மவுஞ்சாரோவும் வெகோவியும் 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. "ஆபரேஷனும் பண்ணி, ஊசியும் போட்டா அது ஏமாத்து வேலை இல்லையா?" என்று என் மைத்துனர் கேட்டார். யாரை ஏமாற்றுகிறோம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஓர் ஆய்வு உண்டு. அதை மருந்தின் தோல்வி என்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும். அதை யாரும் மாத்திரையின் தோல்வி என்றோ மனிதனின் தோல்வி என்றோ சொல்வதில்லை.

நம் ஊரில் பத்தியம் என்பதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. இத்தனை நாள் இருந்து, பிறகு பத்தியம் முறிப்பார்கள். அறுவைசிகிச்சையையும் நாங்கள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அது இன்னொரு பழைய வழக்கத்துக்கு அருகில் இருப்பது என்று இப்போது தோன்றுகிறது: குடிமராமத்து. ஊரார் கூடி ஏரியின் வண்டலை அள்ளி, கரையை உயர்த்தி, மதகைச் சரிசெய்வது. மறுபடி வண்டல் படியும். தண்ணீர் வந்தால் வண்டலும் வரத்தான் செய்யும். அதை ஏரி வெட்டியவனின் தோல்வி என்றோ ஏரியின் குணக்கேடு என்றோ யாரும் சொன்னதில்லை. அடுத்த கோடையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சொல்லின் முன்பாதியில் 'குடி' இருப்பதும் முக்கியம். பழியை ஒருவன் தலையில்தான் கட்டமுடியும். பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம். என் உடம்பை நான்தான் தூக்கவேண்டும் என்றேன். ஆனால் என் இலையில் பரிமாறுவது நான் இல்லை. "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கோங்க, எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடாம போறதா" என்கிறவர்தான், மறுவாரம் "வெயிட் போட்டுட்டீங்களே" என்றும் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் நான் கேட்பது மன்னிப்போ பாராட்டோ அல்ல. நான் "போதும்" என்று சொல்லும்போது அதை உபசாரத்துக்குச் சொல்கிற மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், கரண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தால் போதும். அவர் பங்கு அவ்வளவுதான். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.