பஞ்சப்படியும் கொடுத்த சொல்லும்

விலைவாசி உயர்வைப் பொருளியல் அறிஞர்க்கே உரிய சிக்கலென்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது நம் இல்லங்களில் ஓர் அறச்சிக்கலாகவும் நுழைந்திருப்பதைக் கருதுவதில்லை.

1972-இல் மழை பொய்த்தது. 1973 இறுதியில் கச்சா எண்ணெய் விலை ஏறத் தொடங்கிச் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1974-75-இல் நாட்டின் மொத்த விலைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்ந்தன. 1974 சூலையில் நடுவணரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, ஊழியர்க்குச் சேரவேண்டிய கூடுதல் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாக நிறுத்திக்கொண்டது. ஊழியர் எதிர்த்தனர். 2020 சனவரி முதல் 18 மாதங்களுக்குப் படி உயர்வு நிறுத்தப்பட்டபோதும் அதே குரல் எழுந்தது. விலை ஏறியபின் பழைய தொகையையே தருவது குறைத்துத் தருவதாகும் என்பதே அக்குரலின் உட்பொருள். அது நியாயமானது. (இன்று அரசாணைகள் அகவிலைப்படி என்கின்றன. பஞ்சப்படி என்ற பழம்பெயரே நமக்கு உவப்பு. பஞ்சம் அதில் ஒளியாமல் நிற்கிறது.)

இதே அளவுகோலை நாம் பிறர்க்குத் தரும் பணத்தின்மேல் வைத்துப் பார்ப்பதுண்டா? வடபுலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில், ஊரிலுள்ள தாய்க்கு மாதம் இவ்வளவு என்று சொல் கொடுத்தோர் நம்மிற் பலர். தவறாமல் அனுப்புகின்றனர், தொகைதான் மாறுவதில்லை. விலைக் குறியீட்டெண் ஏறினால் மகன் சம்பளத்தில் ஆண்டுக்கு இருமுறை படி கூடுகிறது. தாயின் தொகைக்குக் குறியீட்டெண் ஏது? அவளுக்காகப் பேசத் தொழிற்சங்கமும் இல்லை; அவளாகவும் கேட்கமாட்டாள்.

அண்டை வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி கைமாற்று வாங்கும் பெண்டிர் அதே ஆழாக்கால் அளந்து திருப்பித் தருகின்றனர். பவுனைக் கடனாகப் பெற்றவர் பவுனாகவே மீட்டுக் கொடுக்கும் வழக்கமும் நம் குடும்பங்களில் உண்டு. இடையில் விலை என்னவாயிற்று என்ற பேச்சே எழாது. ரூபாய் என்று வந்துவிட்டால் மட்டும், எண் மாறாதிருந்தாலே கணக்கு நேர் என்று கொள்கிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தமையன் விதைநெல்லை விற்றுக் கொடுத்த பணத்தை, இன்று அதே எண்ணில் திருப்பிவிட்டு நிமிர்ந்து நடப்பவரும் உளர்.

“நகரத்து வாடகையும் பிள்ளைகள் படிப்பும் எங்கள் படியை விழுங்கிவிடுகின்றனவே” என்பார் சொல்வது பொய்யன்று. விலை முன்னே செல்ல, படி பின்னேதான் வருகிறது. ஆயினும், இயலாமையால் உயர்த்தாதிருப்பது வேறு. எண் மாறாததால் கடமை முடிந்தது என்றிருப்பது வேறு. முன்னதைத் தாய் தானே அறிவாள். பின்னதை அவளிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

படி உயர்வு ஆணை வரும்போதெல்லாம் ஊருக்கு அனுப்பும் தொகையிலும் நூறோ இருநூறோ கூட்டுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அதை அவர்கள் கொடை என்று சொல்லிக்கொள்வதில்லை.