ஜாமீனுக்கு வந்து நில்லுங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் பட்டா வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வயலில் நாற்று நட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் திருச்சி மத்தியச் சிறையிலேயே கிடக்கிறான் என்றால், அவனுக்காகக் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுவீர்களா?

ஜாமீன் கொடுத்த பிறகும் எப்படி உள்ளே இருப்பான் என்று கேட்கலாம். நீதிமன்றம் வழக்கமாக இரண்டு பேரின் பிணை கேட்கிறது. பிணை நிற்பவருக்குச் சொத்து வேண்டும், அதைக் காட்டத் தாள் வேண்டும். நம் டெல்டாவில் ஏராளமான நிலம் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தம். கூலி வேலை செய்வோர் பலருக்குக் குடியிருக்கும் மனையே கோயில் மனை, இல்லாவிட்டால் வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கு. பாட்டன் காலத்திலிருந்து ஒரே கொல்லையில் வாழ்ந்தவரிடமும் அந்தத் தாள் இருக்காது. மாமன், மச்சான், பக்கத்து வீட்டார் என்று யாரைத் தேடினாலும் அதே நிலைமைதான்.

இந்த அநியாயத்தை உச்ச நீதிமன்றமே 1978இல் மோதிராம் வழக்கில் கண்டித்தது. அவர் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பிணையையும் ஏற்க மறுத்தார். ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே அல்ல என்பதுதான் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள்! 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் எந்தத் தீர்ப்பும் வராமலே உள்ளே இருந்தார்கள்.

உள்ளே கிடப்பவனுக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். சின்னத் திருட்டு வழக்கு. "ஒப்புக்கொண்டுவிடு, இருந்த நாளைக் கழித்து விட்டுவிடுவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வீட்டில் அடுப்பெரியவில்லை என்ற சேதி வரும். செய்யாததைச் செய்தேன் என்பான். அன்றிலிருந்து அவன் பழைய குற்றவாளி. ஊரில் மோட்டார் காணாமல் போனாலும் ஆடு காணாமல் போனாலும் ஸ்டேஷனிலிருந்து முதலில் அவனைத்தான் தேடி வருவார்கள். பட்டா இல்லாத குற்றத்துக்கு ஆயுள் முழுக்கத் தண்டனை!

சொத்து உள்ளவன் சொல்லை நம்புவதும் இல்லாதவனைச் சந்தேகிப்பதும் இந்த மண்ணில் நேற்று வந்த வழக்கமல்ல. கீழ்வெண்மணி நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் மிராசுதாரர்களைத் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நிலபுலனும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அதே இரவு மிராசுதார் தரப்பில் ஒருவர் இறந்த வழக்கில் கூலித் தொழிலாளிகள் சிறையில் காலம் கழித்தார்கள். அன்று நிலம் சிலரைக் காப்பாற்றியது. அந்த நிலத்தின் மதிப்பை இன்று நிலமில்லாதவனுக்காகக் கோர்ட்டில் கொண்டுபோய் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"திருடனுக்கு நான் ஏன் நிற்க வேண்டும்?" என்பவர்களுக்கு: அவன் திருடன் என்று யார் தீர்ப்புச் சொன்னார்கள்? தீர்ப்பே வந்தாலும் அது தவறாக இருக்கலாம். மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்குத் தூக்கு என்று 2009இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதே உச்ச நீதிமன்றம் 2019இல் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. இடையில் போன வாலிபத்தை யார் திருப்பித் தருவார்கள்?

யாருக்குப் பிணை நின்றோமோ அவன் தலைமறைவானால் நமக்குத் தொல்லை வரும் என்பது உண்மை. பத்திரத் தொகையைக் கட்டச் சொல்லிக் கோர்ட்டு கேட்கலாம். அதனால்தான் முகம் தெரியாதவனுக்கு நிற்கச் சொல்லவில்லை. உங்கள் களத்தில் நெல் தூற்றியவனை உங்களுக்குத் தெரியும். வாய்தா தேதியில் அவனை அழைத்துக்கொண்டு நீங்களும் போங்கள்.

வக்கீல்களே, உங்களிடமும் கேட்கிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அந்த உதவிக்கான வக்கீல்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு ரிமாண்டுக்கு வராமல் இருக்காதீர்கள். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாமல் ஒருவர் உள்ளே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. மனுப் போடுங்கள்.

ஊர்க்காரர்களே, நாளைக் காலை வயலுக்குப் போகும்போது கேளுங்கள்: யார் வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கிறான், எந்தக் கோர்ட்டு, என்ன வழக்கு, ஜாமீன் உத்தரவு வந்துவிட்டதா? வக்கீல் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். உத்தரவு வந்திருந்தால் வரி ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.