எந்தச் சுமை யார் தோளில்?

ரோபோக்கள் வரும், வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், வேலையிழந்தவர்கள் தெருவில் இறங்குவார்கள், ஆட்சி ஆட்டம் காணும். கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து இன்றைய விறுவிறுப்பு நாவல்கள் வரை கதை பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ சற்றே விலகி நின்றது. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் நம் பக்கம்; பயமுறுத்துவது சர்வாதிகாரம். அறம் பற்றிய கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வேலையை ஆள் செய்வதா, பொறி செய்வதா என்று முடிவெடுப்பவர் யார்? அந்த முடிவில் அடிபடுபவர் யார்?

பழனி மலைத்தொடரில் இதற்குக் கற்பனைக் கதை தேவையில்லை. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். முதல் உலகப் போரை ஒட்டி மலைச்சாலை திறக்கப்படும் வரை, குதிரையேற முடியாத துரைமாரும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கத்து கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து கூலியாட்களின் தோளில்தான் ஏறிப் போனார்கள். நாற்காலிக்கு இரு பக்கமும் கழி, முன்னும் பின்னும் ஆட்கள், செங்குத்தான இடங்களில் தோள் மாற்றிக்கொள்ள இன்னும் சிலர். மோட்டார் வந்ததும் அந்தப் பிழைப்பு ஒழிந்தது. அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. மனிதனை மனிதன் சுமக்கும் வேலை போனது நல்லதுதான். ஆனால், பங்களா கட்டியவர்களின் பெயரை அக்கறையாகக் குறித்து வைத்த ஊர் வரலாறு, தூக்கிச் சென்றவர்களை ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டது. அவர்கள் அடுத்து எதை வைத்து அடுப்பு மூட்டினார்கள் என்பது யாருக்கும் கணக்கில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆளைத் தோளில் தூக்கும் டோலி அதோடு ஒழிந்துவிடவில்லை. அதே மலைச்சரிவில், சாலை எட்டாதிருந்த வெள்ளகவி கிராமத்தில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் நாளிதழ்களில் வந்தன. கோடைக்கானலுக்குப் போகும் சுற்றுலாக்காரருக்கு மோட்டார் கிடைத்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பொறி எங்கே போக வேண்டும் என்பதைத் தேவை தீர்மானிப்பதில்லை. காசும் செல்வாக்கும்தான் தீர்மானிக்கின்றன.

இதைவிடக் கசப்பான பாடம் தெர்மாமீட்டர் ஆலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்டவுனில் நடந்துவந்த பாதரச தெர்மாமீட்டர் உற்பத்தி 1980களில் கோடைக்கானலுக்குக் குடிபெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய ஆலை, 1998இல் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. சரக்கு பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. ஆட்கள் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாடையில்லை. மூச்சில் கலந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. போதிய பாதுகாப்பில்லாமல் அதன் நடுவே வேலை வாங்கினார்கள் என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. உடல்நலக் கேடு எதுவும் நேரவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. கழிவு திரும்பிவிட்டது; அதைக் கையாண்ட உடல்கள் இங்கேயே இருந்தன.

நாவல்களில் பொறி வந்து மனிதனை வெளியேற்றுகிறது. கோடைக்கானலில் நடந்தது தலைகீழ்: எந்திரத்தின் பொறுப்பில், அதுவும் மூடிய அறையில், விட்டிருக்க வேண்டிய வேலைக்கு மலிவாகக் கிடைத்தார்கள் என்பதற்காக மனிதர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. ஆலை மூடியபோது அதுவும் போயிற்று. ‘விரும்பித்தானே வந்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்து இன்னதென்று சொல்லப்படாதவரின் விருப்பத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

அப்படியானால் எல்லா வேலையையும் ரோபோவிடம் கொடுத்துவிடலாமா? உடலைக் கெடுக்கும் வேலையை, மானத்தைக் கெடுக்கும் வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் சாவுகள் நிற்காத நாட்டில், கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோ ஒரு வரம். அதைவிட முக்கியம், குழிக்குள் இறங்கியவர்களையே அதை இயக்கப் பழக்கியது. தொழிலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தால் தொழில்நுட்பம் வளராது என்ற சாக்கு அங்கே அடிபட்டுப் போகிறது.

கோடைக்கானல் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016 மார்ச்சில். மனிதாபிமான அடிப்படையில் தருவதாகச் சொன்னார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்த அந்தப் பேச்சு, ஆலை திறந்த அன்றைக்கே நடந்திருக்க வேண்டும். ரோபோவை இறக்கப்போகும் முதலாளிகளும் அதற்கு அனுமதி தரப்போகும் அரசும் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.