தலையெண்ணிக் கொடுப்பது மட்டும் நீதியாகுமா?

பொதுப் பணத்தை ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டுவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். தராசும் கையுமாகப் பிழைக்கும் வியாபாரிகளாகிய நமக்கு இவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் பள்ளிக்கூட நூல் நிலையங்களுக்குச் சர்க்கார் அளிக்கும் மானிய விஷயத்தில் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகும்.

மலேசியாவில் கல்வி அமைச்சு பள்ளிகளுக்கு வழங்கும் உதவிக்குத் தலைவீத மானியம் என்று பெயர். இன்று வள நிலையம் என்றழைக்கப்படும் பள்ளி நூல் நிலையத்துக்கும் இவ்வகையிலேயே பணம் வருகிறது. மாணவர் தொகையை அடியொற்றியதே கணக்கு. நாட்டிலுள்ள 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளிலோ பல, 150 பிள்ளைகளும் இல்லாதவை. தோட்டங்கள் குறைந்து, மக்கள் பட்டணம் சேர்ந்ததால் வந்த நிலை இது.

ஒரு பேச்சுக்கு, பிள்ளைக்குப் பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 500 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 5,000 வெள்ளி. 50 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 500 வெள்ளி. கணக்கு சரிதான். ஆனால் அகராதியின் விலை இரண்டு பள்ளிக்கும் ஒன்றே! புத்தகக் கடைக்காரர் பிள்ளைகளை எண்ணி விலை சொல்வதில்லை. பெரிய பள்ளியின் பிள்ளை ஓர் அறை நிறைய நூல்களைக் காண்கிறது. சிறிய பள்ளியின் பிள்ளைக்கு ஒற்றை அலமாரிதான்.

கம்பத்தில் கடை வைத்தவரும் அரிசி, உப்பு, புளி எல்லாம் வைத்தாக வேண்டும். வாடிக்கைக்காரர் இருபது பேர்தானே என்று உப்பை விட்டுவிட முடியுமா?

நம் மார்க்கம் காட்டிய வழியைப் பாருங்கள். ஜகாத்தை வாங்குவது பொருளின் கணக்கில், நூற்றுக்கு இரண்டரை. கொடுப்பதோ தேவையுள்ள எட்டு வகையாருக்கு. உலகியல் சட்டத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. நாகூருக்கும் காரைக்காலுக்கும் வடக்கேயுள்ள சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் நெடுநாள் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்பட்டது. மாளிகைக்காரர் அதிகம் செலுத்தினார். குடிசைக்காரரின் மகனும் அந்த நூலை எடுத்துப் படித்தான். கொடுத்தவரின் அளவுக்கேற்பப் படிக்கும் உரிமை பிரிக்கப்படவில்லை.

“அப்படியானால் பெரிய பள்ளியின் பிள்ளை செய்த குற்றம் என்ன? அதன் பங்கை ஏன் குறைக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. குறைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒரு நூல் நிலையம் நூல் நிலையமாக நிற்பதற்கு இன்றியமையாத தொகையை முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு தலைகளை எண்ணட்டும். கடைக்கு முதலில் முதல் போட்டுவிட்டுப் பின்பு விற்பனையைப் பார்த்துச் சரக்கைக் கூட்டுவதுதானே நம் வழக்கம்?

இதில் நமக்கும் கடமையுண்டு. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள நம் வியாபாரிகள் பள்ளிகளுக்குக் கொடுக்கத் தயங்குபவரல்லர். ஆனால் பெயர் பெற்ற பள்ளிக்கே பலரும் கொடுக்கிறோம். அங்கே கூட்டமும் மாலையும் உண்டு. சிறிய பள்ளியில் கைதட்ட ஆளில்லை. இவ்வாண்டு கொடுக்க நினைப்பவர்கள் அருகிலுள்ள மிகச் சிறிய பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, இல்லாத நூல்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, மானியக் கணக்கு மாற வேண்டுமென்று சங்கங்களின் வாயிலாகச் சர்க்காருக்கு எழுதவும் தவறாதீர்கள். நம் தர்மம் சர்க்காரின் கடமைக்கு ஈடாகிவிடாது.