நாங்கள் வெட்டாத கிணறு

கோம்பையில் உள்ள எங்கள் பூர்வீக இல்லத்தின் பின்முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது. அதில் நீர் வற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அன்னையின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, உடன்பிறந்தோர் நால்வரும் திண்ணையில் அமர்ந்தபோது, வீட்டையும் நிலத்தையும் பிரிப்பது பற்றிய பேச்சு எவ்விதக் கசப்புமின்றி முடிந்தது. கிணற்றைப் பற்றிய பேச்சுத்தான் முடியவில்லை. மூடிவிட்டு அவ்விடத்தில் ஓர் அறை எழுப்பலாம் என்றார் எங்களுள் ஒருவர். தாத்தாவின் நினைவாக அப்படியே இருக்கட்டும் என்றார் மற்றொருவர். கூரை மழைநீரை அதனுள் விடலாம் என்பது மூன்றாவது கருத்து. நான்காமவர் ஒன்றும் சொல்லவில்லை.

மண்ணைக் கொட்டி மூடுவது இரண்டொரு நாள் வேலை. இதில் மனச்சான்றுக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம்.

ஆனால் கிணற்றின் வாயை மூடியிருந்தவை உளுத்துப்போன பனங்கட்டைகள் நான்கும் ஒரு தகரமும் மட்டுமே. அத்தெருப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் அது. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாமெல்லாரும் இரவு பகலாக மன்றாடினோம். பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே பணித்திருந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே விடுதலைப்பயண நூலின் 21-ஆம் அதிகாரம் இதைப் பேசிவிட்டது: குழியை மூடாமல் விட்டவன், அதில் விழுந்து சாகும் மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு கொடுக்க வேண்டும். விலங்குக்கே அப்படி. இதை வாசித்து வளர்ந்தவர்கள்தாம் நாங்கள். தகரத்தின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு அமைதியாக இருந்துவிட்டோம். ஆகவே மற்ற விவாதம் எதுவானாலும், முதலில் வாய்க்குக் காப்பு வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டாம் கருத்து எழவில்லை.

இனி, மூடுவதென்றால் எதைக் கொண்டு மூடுவது? இடித்த சுவரின் குப்பையையும் வீட்டுக் கழிவையும் கொட்டி நிரப்புவதே பல ஊர்களில் வழக்கம். கிணறு என்பது நிலத்தடி நீருக்குப் போகும் திறந்த வழி. அதில் இடுவது அங்கேயே தங்கிவிடுவதில்லை. தன் நிலத்தின் கீழுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளனுக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழங்குகிறது. ஆனால் நீர் பத்திரத்தின் எல்லைகளை அறியாது. கோம்பையில் மலையிலிருந்து நிலம் சரிந்து இறங்குகிறது. எங்கள் முற்றத்தில் ஊறுவது சரிவில் கீழேயுள்ள தெருவை நோக்கித்தான் போகும். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை ஆற்றோர ஊர்களை வயல்களாக்கியது. ஆற்றை விட்டு விலகி மலையடிவாரத்தில் கிடக்கும் எங்களூர் வீடுகளுக்கு நெடுங்காலம் துணையாய் இருந்தவை மழையும் கிணறுமே.

நினைவாக இருக்கட்டும் என்றவர், பெலிஸ்தியர் தூர்த்த ஆபிரகாமின் கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டதை எடுத்துக் காட்டினார். நல்ல சான்றுதான். கிணற்றின் விளிம்புக் கல்லில் தாத்தாவின் பெயரும் 1936 என்ற ஆண்டும், ‘வெட்டியது’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தச் சொல்லைத்தான் நாங்கள் அதுவரை ஊன்றிப் படித்ததில்லை.

பழைய கிணற்றின் ஆழத்தையும் அடிப்பாறையையும் அறிந்தவர் யாரேனும் உளரா என்று விசாரித்தபோது, கீழ்த்தெருவில் எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டியிடம் எங்களை அனுப்பினார்கள். “எங்க அய்யாதான் தம்பி உள்ள இறங்கிப் பாறைய ஒடச்சாரு. வருசா வருசம் தூர் வாருனதும் அவருதான். ஆனா சேந்திக் குடிச்சதில்ல. ஒங்க அப்பத்தா மேல நின்னு ஊத்துவாக, நாங்க கீழ நின்னு கொடத்துல வாங்குவோம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எங்களைத் ‘தம்பி’ என்றார். அவருடைய தந்தை எங்கள் தாத்தாவை அப்படி உறவு சொல்லி அழைத்திருக்க மாட்டார்.

எங்கள் அப்பத்தா நாள்தோறும் செபமாலை சொன்னவர். தண்ணீர் கேட்டவரை வெறுங்குடத்துடன் அனுப்பியதில்லை என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். பொய்யன்று. அந்த அறச்செயலின் உள்ளே இருந்த இழிவு மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு அரசு நிதியில் பேணப்படும் கிணறுகளிலும் பொதுமக்களுக்கென விடப்பட்டவற்றிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் முற்றத்துக் கிணறு அவ்வரிசையில் இல்லை. சட்டத்தின் முன் தப்பலாம். யாக்கோபின் கிணற்றடியில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதைப் பற்றி எத்தனை மறையுரை கேட்டிருப்போம்! வீட்டுக் கிணற்றடிக்கு அது வந்து சேரவில்லை. நீங்கள் வெட்டாத கிணறுகளை உங்களுக்குத் தரும்போது மறந்துவிடாதீர்கள் என்று இணைச்சட்ட நூல் எச்சரிப்பது கடவுளை மறப்பது பற்றியே. எனினும், வெட்டியவனை மறந்தவன் கொடுத்தவரை எவ்வளவு நினைத்திருப்பான் என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது.

அதன்பின் மூடுவது என்ற எண்ணம், சாட்சியைப் புதைப்பதாகவே பட்டது. கிணற்றை மழைநீருக்கு விடுவதென்று முடிவாயிற்று. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது எங்கள் சுவரிலும் ஒரு குழாய் ஏறியது. அது எங்கே போய்ச் சேர்கிறது என்று எவரும் பார்த்ததில்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, பின்வருவதைக் கூழாங்கல்லும் மணலும் பரப்பிய தொட்டியில் வடிகட்டி உள்ளே இறக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டி பக்கத்தில் இருந்தால் இது ஆகாது. எங்களுக்கு அது வீட்டின் மறுபுறம். விளக்கை இறக்கி, அணையவில்லை என்பதை மட்டும் நம்பி ஆளை உள்ளே அனுப்பவும் கூடாது. விளக்கு எரியும் காற்றிலும் நச்சு இருக்கலாம். இன்னொருவரின் மகனை மீண்டும் அதனுள் இறக்குவதில்லை என்று, தூர் வாராமலே விட்டோம்.

கீழே இறங்கும் நீர் சரிவில் நகர்ந்து கீழ்த்தெருவின் அடிகுழாய்க்கு ஒரு பங்கேனும் சேரக்கூடும். அங்கே மேலே நின்று ஊற்றும் கை இராது. இதனால் பழைய கடன் தீர்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை, தீரவில்லை.

கிணற்றையும் அதற்குப் போகும் பாதையையும் பொதுவில் வைத்து, எவரும் தனித்து மூடலாகாது என்று பத்திரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். வாய்க்கு இரும்பு வலை செய்ய அளவு கொடுத்தாயிற்று. விளிம்புக் கல்லில், தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் பாறையை உடைத்தவரின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பது எங்களுள் மூவரின் விருப்பம். மூதாட்டியிடம் தந்தையின் பெயரைக் கேட்டோம். சொன்னார், சொல்லிவிட்டு, “ஒங்க வீட்டுல எல்லாரும் ஒத்துக்குவாகளா தம்பி?” என்று கேட்டார். அன்று திண்ணையில் ஒன்றும் சொல்லாதிருந்த நான்காமவர், அது தாத்தாவுக்குச் சிறுமை என்று இப்போது சொல்கிறார். கல் தச்சரை இன்னும் அழைக்கவில்லை.