முறிவதற்கென்றே ஓர் ஆணி

உடைந்துபோகும் பொருளைக் குறையுள்ள பொருள் என்றும், உடையாததை உறுதியான பொருள் என்றும் கூறுவது உலக வழக்கு. மனிதரையும் நாம் இந்த அளவுகோலாலேயே அளக்கிறோம். எதையும் தாங்கிக்கொள்பவரைப் பாராட்டுகிறோம். “என்னால் இதற்குமேல் முடியாது” என்று சொல்பவரைக் கண்டு முகம் சுளிக்கிறோம். இந்த அளவுகோல் சரியானதுதானா என்ற ஐயத்தை, சென்ற தை மாத அறுவடையின்போது வல்லக்கோட்டையை அடுத்த வயல்வெளி ஒன்றில் விரற்கடை அளவுள்ள ஓர் இரும்பு ஆணி நம் உள்ளத்தில் எழுப்பியது.

அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர் வல்லக்கோட்டை. ஒருபுறம் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல் வயல்கள். மறுபுறம் ஒரகடத்துத் தொழிற்சாலைகள். 2010-இல் கார், 2012-இல் லாரி, 2013-இல் மோட்டார் சைக்கிள் என்று அடுத்தடுத்து ஆலைகள் எழுந்த மண் இது. தந்தை வயலிலும் மகன் ‘ஷிப்டு’ வேலையிலும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அத்தகைய குடும்பம் ஒன்றின் தலைவர், நம் பங்கைச் சேர்ந்த உழவர், பழைய வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்றை இரண்டாம் கைவிலைக்கு வாங்கியிருந்தார். அறுவடை இயந்திரம் நெல்லை அறுத்துச் சென்றபின் வயலில் கிடக்கும் வைக்கோலை அள்ளிக் கட்ட இன்று ஆட்கள் கிடைப்பதில்லை. டிராக்டரின் பின்னே இழுக்கப்படும் ‘பேலர்’தான் அந்த வேலையைச் செய்கிறது.

அதன் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்வது நம் சிந்தனைக்கு உதவும். டிராக்டரின் பின்புறத் தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழன்று, கனத்த ‘பிளைவீல்’ சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. அச்சக்கரத்தின் விசையால் ‘பிளஞ்சர்’ என்னும் இரும்புத் தலை நிமிடத்திற்கு 80 முதல் 100 முறை வரை முன்னும் பின்னும் ஓடி வைக்கோலை இடித்து அழுத்துகிறது. கட்டு உரிய நீளத்தை அடைந்ததும், வளைந்த இரு ஊசிகள் கீழிருந்து கயிற்றை ஏந்தி மேலே வருகின்றன, முடிச்சு விழுகிறது. ஊசிகள் மேலே வரும் அதே கணத்தில் பிளஞ்சரும் அவ்வழியே வருவதால், அதன் முகத்தில் ஊசிகள் புகுவதற்கென்று பிளவுகள் விடப்பட்டுள்ளன. இரண்டும் உரிய நேரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று தீண்டாமல் கடந்துபோகும். நேரம் பிசகினால் மோதும்.

அப்படி ஊசி தவறான நேரத்தில் உள்ளே நின்றுவிட்டால், ஒரு தடுப்பு நாக்கு பிளஞ்சரின் பாதையில் குறுக்கே வந்து அதை நிறுத்தும். ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் பிளைவீலின் வேகம் எங்கே போகும்? அதற்காகத்தான் அச்சக்கரத்தில் ‘ஷியர் போல்ட்’ என்னும் ஆணி பொருத்தப்பட்டிருக்கிறது. எவ்வளவு பளுவில் முறிய வேண்டும் என்று கணக்கிட்டே அதைச் செய்கிறார்கள். அது முறிந்ததும் விசை அறுந்து, இயந்திரத்தின் உயிர்நிலைகள் தப்பிக்கின்றன. மற்ற உறுப்புகள் உடையாதிருக்கும்பொருட்டுத் தான் உடைவதே அதன் கடமை.

அன்று காலை மூன்று ஆணிகள் முறிந்தன. வைக்கோல் ஏற்ற வந்த லாரி வரப்போரத்தில் காத்துக்கொண்டிருந்தது. வானம் இருண்டிருந்தது; நனைந்த வைக்கோலுக்கு விலையில்லை. இரவு வேலை முடித்து வந்திருந்த மகன் பொறுமை இழந்து, கடைக்கு ஓடி, அதே பருமனில் மிகக் கடினமான ‘ஹைடென்சில்’ போல்ட்டை வாங்கிவந்து பூட்டினான். “இனி உடையாது, அப்பா” என்றான். அவன் சொன்னது உண்மையாயிற்று. ஆணி உடையவில்லை. அடுத்த கட்டு முடியும் தறுவாயில் தடுப்பு நாக்கு வளைந்தது. ஊசி ஒன்று இரண்டாக ஒடிந்தது. கியர் பெட்டியின் ஓட்டில் விரிசல் விழுந்தது.

பிற்பகலில் வந்த முதிய மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. முதலில் டிராக்டரை நிறுத்தி, தண்டின் இணைப்பைப் பிரிக்கச் செய்தார். பின்னர், “எப்போது உடைந்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். “காலையிலிருந்தே, ஐயா” என்றார் உழவர். “அதைக் கேட்கவில்லை. வைக்கோலை இடிக்கும்போதா, முடிச்சு விழும்போதா?” அப்போதுதான் தந்தைக்கும் மகனுக்கும் நினைவு வந்தது: மூன்று முறையும் கட்டு முடிந்து முடிச்சு விழும் வேளையிலேயே ஆணி முறிந்திருந்தது. வைக்கோல் ஈரமாயிருந்தாலோ, வெட்டும் கத்தி மழுங்கியிருந்தாலோ, அளவுக்கு மீறி வைக்கோல் உள்ளே போயிருந்தாலோ அது இடிக்கும்போதே முறிந்திருக்கும். பெரியவர் ஒடிந்த ஊசிக்கு மாற்றுப் பொருத்தியபின், பிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றி, முடிச்சுப் பகுதியையும் கையாலேயே இயக்கி, ஊசியின் வருகையை உற்று நோக்கினார். சங்கிலி தேய்ந்து தொய்ந்து, பற்சக்கரத்தில் ஒரே ஒரு பல் தாண்டியிருந்தது. ஊசி நல்ல ஊசி. பிளஞ்சரும் நல்ல பிளஞ்சர். அவை சந்திக்கும் வேளை மட்டுமே பிசகியிருந்தது. ஆணி மூன்று முறை அதைச் சொல்லியும் கேட்பார் இல்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் இயந்திரம் அன்று. சில ஆண்டுகளுக்குமுன் இளைஞன் ஒருவன் நம்மைத் தேடிவந்தான். ஒரு பட்டறையில் ‘பவர் பிரஸ்’ இயக்குபவன். இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் அந்த இயந்திரத்தின் தலை கீழே இறங்கும். கை உள்ளே சிக்காதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று ஒரு பொத்தானை நிரந்தரமாக அழுத்திக் கட்டிவைத்திருந்தார்கள். “ஃபாதர், மனசு ஒப்பவில்லை, கை நடுங்குகிறது, வேலையை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டான். அவன் தங்கையின் திருமணம் நெருங்கியிருந்ததை நாம் அறிவோம். “கொஞ்சம் பொறுத்துக்கொள், தம்பி. சிலுவையைச் சுமக்கக் கற்றுக்கொள்” என்று கூறி, ஆசீர் அளித்து அனுப்பினோம். ஒன்றரை மாதத்தில் அவன் வலக்கையின் இரு விரல்கள் போயின.

முறியவேண்டிய இடத்தில் முறிந்த ஓர் உள்ளத்தில் கடினமான ஆணியைப் பூட்டியவர் நாமே. சிலுவை என்னும் தூய சொல்லை அதற்கு இரும்பாகப் பயன்படுத்தினோம்.

மனச்சான்று என்பது என்ன? குருமடத்தில் தூய தோமா அக்குவினாரின் வழிநின்று கற்றோம்: அது ஆன்மாவின் தனி ஆற்றலன்று; ஒருவர் தாம் அறிந்த நன்மையைத் தம் கண்முன் உள்ள செயலோடு பொருத்திப் பார்க்கும் செயல். பொருத்திப் பார்க்கும்போது பொருந்தாமை தென்பட்டால் உள்ளம் நின்றுவிடுகிறது. அந்த நடுக்கத்தையும் தயக்கத்தையும் உறக்கமின்மையையும் வலுவின்மை என்று எண்ணி மருந்திடுகிறோம். மனச்சான்றும் தவறக்கூடும் என்பது உண்மையே. எல்லாத் தயக்கமும் நேர்மையான தயக்கமன்று என்பதும் உண்மையே. சோம்பலும் அச்சமும்கூட மனச்சான்றின் உடையை அணிந்து வருவதுண்டு. ஆகவேதான் மெக்கானிக்கின் கேள்வி நமக்குத் தேவைப்படுகிறது: எப்போது முறிந்தது? உழைப்பின் பளு ஏறிய வேளையிலா, அல்லது ஏதோ ஒன்று தவறான வேளையில் குறுக்கே நின்றபோதா? அந்த இளைஞனிடம் இதைக் கேட்டிருந்தால், “பொத்தானைக் கட்டிவைத்த நாள்முதல்” என்று சொல்லியிருப்பான். நாம் கேட்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆணி முறிவதற்கென்றே படைக்கப்பட்டது. அப்படியானால் சமுதாயத்திலும் சிலர் முறிவதற்கென்றே இருக்கலாமா? இன்றைய உழைப்பு முறை சொல்லாமல் சொல்வது இதுதான். நிரந்தரப் பணியாளர் உள்ளே. ஒப்பந்தத் தொழிலாளர் விளிம்பில். நெருக்கடி வந்தால் முதலில் முறிபவர் விளிம்பில் உள்ளவரே, மாற்றுவதற்கும் எளியவர். மக்கள் அனைவரும் அழிவதைவிட ஒருவர் சாவது நலம் என்று கயபா கணக்கிட்டதும் இந்தக் கணக்கையே. அந்தக் கணக்கின் முடிவில் நின்றது கல்வாரி.

அப்படியாயின் நம் ஆண்டவரும் ஓர் ஆணியாகத்தான் முறிந்தாரா என்று கேட்கலாம். அன்று. தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை, தாமே அதைக் கொடுப்பதாக அவர் மொழிந்ததை யோவான் நற்செய்தி பதிவு செய்துள்ளது. தாமே கையளித்தல் வேறு. பிறரால் செலவிடப்படுதல் வேறு. முன்னது அன்பு, பின்னது அநீதி. ஒருவர் தம் விருப்பத்தால் ஏற்கும் சிலுவையைக் காட்டி, இன்னொருவர்மேல் சுமத்தப்படும் சிலுவையை நியாயப்படுத்துவது மறையுரையன்று; கயபாவின் வாதமே. வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலடிகள், அவற்றை உடைத்துப் பிற உறுப்புகளைக் காக்கச் சொல்லவில்லை. அவற்றிற்கே மிகுந்த மதிப்புத் தரச் சொன்னார்.

2010-ஆம் ஆண்டின் இறுதியில் திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் இளம் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். இரும்பு ஆணிக்கு மாற்று ஆணி உண்டு. அந்த மகளுக்கு மாற்று இல்லை. உழைப்பின் பொருட்டு மனிதர் இல்லை, மனிதரின் பொருட்டே உழைப்பு உள்ளது என்பதை இரண்டாம் ஜான் பால் 1981-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியது இதன் பொருட்டே.

பொருத்தம் பிசகுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவர் இரவு வேலை, மனைவி பகல் வேலை. இருவரும் நல்லவர், உழைப்பாளிகள். சந்திக்கும் வேளை மட்டும் இல்லை. “அவரிடம் என்ன குறை, அவளிடம் என்ன குறை?” என்று உறவினர் தேடுகின்றனர். ஒரு பல் தாண்டிய சங்கிலியை எவரும் பார்ப்பதில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே முதல் நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த எதிர்ப்பை இடையூறு என்றவர்கள் இருந்தார்கள். உரிய பளுவில் முறிந்த ஆணியாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

உழவர் இப்போது இயந்திரத்தின் பெட்டியில் சரியான ஆணிகள் பத்துப் பன்னிரண்டை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். “உடைந்தால் முதலில் நிறுத்திவிட்டு, எங்கே என்று பார்த்துவிடுகிறேன், சாமி” என்கிறார். விரல்களை இழந்த இளைஞனை நாம் சென்று கண்டோம். மன்னிப்புக் கேட்டோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அன்றைக்கு நீங்கள் போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன், ஃபாதர்” என்றான். அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மை மட்டுமே இருந்தது.

அன்பர்களே, நம் வீட்டிலும் ஆலயத்திலும் யாரேனும் “என்னால் முடியவில்லை” என்று வந்து நின்றால், உடனே உறுதியைப் போதிக்காதிருப்போம். ஓடுவதை முதலில் நிறுத்துவோம். எந்த வேளையில் முறிந்தது என்று கேட்போம். அதன்பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, பிசகு எங்கே என்று பார்ப்போம்.